ஈ-9 சுருதியமைப்பில் விரிகார்டுகள்: பெடல் ஸ்டீல் கிதார்ப் பயிற்றுமுறை குறித்த ஒரு மறுபார்வை

ஆய்வுச்சுருக்கம்

பெடல் ஸ்டீல் கிதாரின் இரு முதன்மைச் சுருதியமைப்புகளுள் ஈ-9 என்பது அமெரிக்கக் கன்ட்ரி இசைக்கும், சி-6 என்பது ஜாஸ், ஸ்விங் இசைக்கும் உரியவை என்னும் பகுப்பு நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஈ-9 அமைப்பு மூன்று சுரக் கார்டுகளுக்கே இயல்பானது, ஒன்பதாம், பதின்மூன்றாம் சுரங்களை ஏற்கும் விரிகார்டுகளுக்கு ஏற்றதன்று என்ற கருத்தும் இப்பகுப்பிலிருந்தே கிளைக்கிறது. தந்திகளின் சுர வரிசையையும் பெடல்களின் செயற்பாட்டையும் நுணுகி நோக்கி, இக்கருத்து கருவியின் இயல்பிலிருந்து தோன்றாமல் பயிற்றும் முறையிலிருந்து தோன்றியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பெடல் ஸ்டீல் கிதார், ஈ-9, சி-6, விரிகார்டு, ஆதார சுரம், பிரமாண சுருதி

முன்னுரை

பெடல் ஸ்டீல் கிதாரில் இடக்கை விரல்கள் தந்திகளைத் தனித்தனியே அழுத்துவதில்லை. தந்திகள் அனைத்தின் மீதும் குறுக்கே கிடக்கும் ஓர் எஃகுக் கோலே சுரத்தானத்தைத் தீர்மானிக்கிறது. கோல் நேரானது, ஆகவே அது நகரும்போது எல்லாத் தந்திகளும் ஒரே அளவில் உயர்கின்றன அல்லது தாழ்கின்றன. ஒரு கார்டின் உள்ளமைப்பை மாற்ற வேண்டுமெனில் அதனைக் கால்தான் செய்ய வேண்டும். பாதத்தால் அழுத்தும் பெடல்களும், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் குறிப்பிட்ட தந்திகளை மட்டும் அரைச் சுரமோ முழுச் சுரமோ ஏற்றி இறக்குகின்றன. வலக்கையில் பெருவிரலும் பிற இரு விரல்களும் மீட்டிகளை அணிவது பெருவழக்கு. இதனால் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள் பெரும்பாலும் மூன்றாகவே அமைகின்றன. ஐந்து சுரங்களைக் கொண்ட ஒன்பதாம் கார்டும், கொள்கையளவில் ஏழு சுரங்கள் வரை செல்லும் பதின்மூன்றாம் கார்டும் இக்கருவிக்குப் பொருந்தா என்ற எண்ணம் இங்கிருந்தே தொடங்குகிறது.

வரலாறும் அவ்வெண்ணத்திற்குத் துணைபுரிந்தது. 1954-இல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாடலில் பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தினார். ஒரு கார்டு மற்றொன்றாக உருகி மாறிய அவ்வொலி கருவியின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. அம்மாற்றத்தைச் செய்த ஒற்றைப் பெடலின் பணியைப் பட்டி எம்மன்ஸ் பின்னர் இரண்டாகப் பிரித்தார். கேட்போர் செவியில் மட்டும் பெடல் என்றால் முதற்படிக் கார்டிலிருந்து நான்காம்படிக் கார்டுக்குச் செல்லும் சறுக்கல் என்றே பதிந்தது. எம்மன்ஸ் செய்த பிரிப்பின் இசைப் பயன் அச்சறுக்கலைவிடப் பெரிது.

பிடிகள் தவிர்க்கும் தந்திகள்

ஈ-9 அமைப்பின் பத்துத் தந்திகள், வாசிப்பவருக்கு அப்பால் உள்ள முதல் தந்தியிலிருந்து தொடங்கி, எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி என்று அமைகின்றன. இவ்வரிசையில் ஈ, ஜி ஷார்ப், பி ஆகிய மூன்றும் ஈ மேஜர் கார்டைத் தருகின்றன. டி அதன் குறைந்த ஏழாம் சுரம். எஃப் ஷார்ப் ஒன்பதாம் சுரம். ஐந்தும் சேர்ந்ததே ஈ-9 கார்டு. சுருதியமைப்பின் பெயரே ஒரு விரிகார்டின் பெயர் என்பதை இத்துறையின் பாடநூல்கள் முதற்பக்கத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் மறந்துவிடுகின்றன.

மறதிக்குக் காரணம் 'பிடிகள்' எனப்படும் வலக்கைத் தொகுதிகளாகும். தொடக்க மாணவருக்கு 3-4-5, 4-5-6, 5-6-8, 6-8-10 ஆகிய தந்திக் கூட்டங்கள் முதலில் கற்பிக்கப்படுகின்றன. இந்நான்கிலும் 1, 2, 7, 9 ஆகிய தந்திகள் இடம்பெறவில்லை. ஒன்பதாம் சுரத்தைத் தருபவை 1, 7. ஏழாம் சுரத்தைத் தருவது 9. பெரிய ஏழாம் சுரத்தைத் தருவது 2. விரிகார்டுக்கு இன்றியமையாத தந்திகள் எவையோ அவற்றையே தாண்டிச் செல்ல வலக்கை பழக்கப்படுகிறது. பின்னர் அம்மாணவர் ஈ-9 அமைப்பில் விரிகார்டுகள் இல்லை என்று முடிவு செய்தால், அது அவருடைய குறையன்று. மூன்று சுரக் கார்டை ஐயமின்றி மீட்டப் பிடிகள் பெரிதும் உதவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கற்றலின் முதற்படியைக் கருவியின் எல்லையாகக் கொள்வது வேறு.

ஐந்து தந்திகள், இரண்டு பெடல்கள்

எம்மன்ஸ் பிரித்த இரு பெடல்களை வாசிப்போர் ஏ, பி என்ற எழுத்துகளால் அழைப்பர். சுரப்பெயர்களோடு குழம்பாதிருக்க, இங்கு அவை முதல் பெடல், இரண்டாம் பெடல் எனச் சுட்டப்படுகின்றன. முதல் பெடல் 5, 10 ஆம் தந்திகளை பி-யிலிருந்து சி ஷார்புக்கு ஏற்றுகிறது. இரண்டாம் பெடல் 3, 6 ஆம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு ஏற்றுகிறது.

இனி 5 முதல் 9 வரையுள்ள ஐந்து அடுத்தடுத்த தந்திகளை மட்டும், கோல் வைக்காத திறந்த நிலையில் நோக்கலாம். பெடல் எதுவும் அழுத்தாதபோது அவை பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி. இது முழுமையான ஈ-9. முதல் பெடலை மட்டும் அழுத்தினால் பி மறைந்து சி ஷார்ப் தோன்றுகிறது. சி ஷார்ப் என்பது ஈ-யிலிருந்து பதின்மூன்றாம் சுரம்; ஐந்தாம் சுரம் நீங்கிய ஈ-13 கிடைக்கிறது. இரண்டாம் பெடலை மட்டும் அழுத்தினால் ஜி ஷார்ப்பின் இடத்தில் ஏ வருகிறது. மூன்றாம் சுரத்திற்குப் பதில் நான்காம் சுரம் நிற்பதால் இது சஸ்பென்டட் வகையைச் சார்ந்த ஈ-9. இரு பெடல்களையும் அழுத்தினால் டி, எஃப் ஷார்ப், ஏ, சி ஷார்ப், ஈ என்னும் ஐந்தும் ஒன்றுவிட்ட சுரங்களாக அடுக்கப்பட்ட டி மேஜர்-9 ஆகின்றன.

கோல் அசையவில்லை, வலக்கை இடம் மாறவில்லை. கணுக்காலின் சிறு அசைவில் நான்கு விரிகார்டுகள் பிறக்கின்றன. அதிலும் இரண்டாம் பெடலை அழுத்திப் பின் விடுவிக்கும்போது, தொங்கி நின்ற நான்காம் சுரம் மூன்றாம் சுரத்தில் வந்து அமர்வது செவிக்கு வெளிப்படையாகக் கேட்கிறது. பியானோவில் அது இரு தனித்தனி ஒலிப்புகள். இங்கு ஒரே ஒலியின் சரிவு. விரிகார்டு என்பது சுரங்களின் அடுக்கு என்ற வரையறை பியானோவின் விசைப்பலகையை மனத்திற்கொண்டு எழுந்தது. பெடல் ஸ்டீலில் அதனை ஒரு நிலையாகப் பார்ப்பதைவிட நிலைமாற்றமாகப் பார்ப்பதே பொருந்தும்.

இவ்வைந்து தந்திகளில் ஓர் உண்மையான இடர் உண்டு. 9, 8, 7, 6 ஆகியவை ஒன்றுக்கொன்று முழுச் சுர இடைவெளியில் நிற்பதால் ஒருசேர மீட்டினால் ஒலி நெருக்கமாகத் திரள்கிறது. இதற்குத் தீர்வு 7-ஆம் தந்தியை விட்டு, அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தரும் முதல் தந்தியை எடுப்பது. 9, 6, 5, 1 என்ற தேர்வில் டி, ஜி ஷார்ப், பி, எஃப் ஷார்ப் ஒலிக்கின்றன. முதல் பெடலை அழுத்த, டி, ஜி ஷார்ப், சி ஷார்ப், எஃப் ஷார்ப் ஆகிறது. ஜாஸ் பியானோ வாசிப்போர் இடக்கையில் பதின்மூன்றாம் கார்டுக்குப் பயன்படுத்தும் நன்கறிந்த அமைப்பு இதுவேயாகும். நான்கு தந்திகளையும் ஒரே கணத்தில் மீட்ட மோதிர விரலுக்கும் ஒரு மீட்டி வேண்டும். அல்லது பெருவிரலால் தாழ்ந்த தந்தியைச் சற்று முன்னதாகத் தொட்டுப் பிறவற்றை உதிர்க்கலாம். இரண்டாம் வழியே கருவியின் இயல்புக்கு நெருக்கமானது.

ஆதார சுரம் யாருடையது

மேற்கண்ட நான்கு சுரங்களில் ஈ இல்லை. அப்படியிருக்க அதனை ஈ-13 என்று அழைப்பது எவ்வாறு? பேஸ் கருவி ஈ-யை ஒலித்தால் அது ஈ-13. பேஸ் பி ஃபிளாட்டை ஒலித்தால், அதே நான்கு சுரங்களும் மூன்றாம், குறைந்த ஏழாம், கூர்த்த ஒன்பதாம், கூர்த்த ஐந்தாம் சுரங்களாகப் பொருள் மாறி, இறுக்கம் மிக்க பி ஃபிளாட் ஏழாம் கார்டாகின்றன. வாசிப்பவர் எதையும் மாற்றவில்லை. உடன் வாசிப்பவர் மாற்றினார்.

முழங்கால் நெம்புகோல்களும் இவ்வாறே. 4, 8 ஆம் தந்திகளை ஈ-யிலிருந்து டி ஷார்ப்புக்கு இறக்கும் நெம்புகோலைப் பயன்படுத்தி 5, 6, 7, 8 ஆகியவற்றை மீட்டினால் பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், டி ஷார்ப் கிடைக்கின்றன. இது ஜி ஷார்ப் மைனர்-7. பி-6 என்றும் சொல்லலாம். பேஸ் ஈ-யில் நின்றால் ஈ மேஜர்-9. அதே தந்திகளை எஃப்-க்கு ஏற்றும் நெம்புகோலோடு 5, 6, 8, 9 ஐ மீட்டினால் பி, டி, எஃப், ஜி ஷார்ப் என்னும் டிமினிஷ்ட் கார்டு வருகிறது; ஈ, ஜி, பி ஃபிளாட், சி ஷார்ப் என்னும் நான்கில் எது பேஸில் ஒலித்தாலும் அது குறைந்த ஒன்பதாம் சுரம் பெற்ற ஏழாம் கார்டாகும்.

பயிற்று நூல்கள் ஒவ்வொரு தந்திக் கூட்டத்திற்கும் ஒரு பெயரைச் சூட்டி அட்டவணைப்படுத்துவது இங்குதான் தடையாகிறது. தனியறையில் பயிலும் மாணவருக்கு பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் என்பது பி-6 ஆகவே கேட்கும். ஈ மேஜர்-9 ஆகக் கேட்காது. பேஸ் இன்றி விரிகார்டைத் தேடுபவர் அதனைக் காணாமற்போவது இயல்பே. ஆதார சுரத்தை விட்டுக்கொடுத்தல் இக்கருவிக்கு ஒரு குறைபாடு என்பது போலப் பேசப்படுகிறது. குழுவில் அது ஒரு மரியாதை எனலாம்.

சி-6 உடனான எல்லை

சி-6 அமைப்பில் விரிகார்டுகள் எளிதில் கிடைக்கின்றன என்பது உண்மை. அங்கு 9 முதல் 5 வரையுள்ள தந்திகள் திறந்த நிலையிலேயே எஃப், ஏ, சி, ஈ, ஜி என எஃப் மேஜர்-9 ஐத் தருகின்றன. ஏழாம் எண் பெடல் 3, 4 ஆம் தந்திகளை முழுச் சுரம் ஏற்றும்போது 7 முதல் 3 வரை சி, ஈ, ஜி, பி, டி என சி மேஜர்-9 வருகிறது. பத்தாம் தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ் வரை தாழ்வதால் ஆதார சுரத்தையும் ஸ்டீலே தாங்க இயலும். ஈ-9 இன் மிகத் தாழ்ந்த தந்தி 123 ஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடுகிறது. இவ்வொலி அகலம் ஈ-9 க்கு இல்லை.

ஆயினும் இரண்டுக்கும் இடையிலான சுவர் எவ்வளவு தடிமன்? ஈ தந்திகளை டி ஷார்ப்புக்கு இறக்கும் நெம்புகோல் பி-6 கார்டைத் தருவது மேலே காட்டப்பட்டது. பி-6 என்பது சி-6 ஐ ஓர் அரைச் சுரம் தாழ்த்தியதே. பன்னிரு தந்திகள் கொண்ட 'யுனிவர்சல்' வகைக் கருவி இவ்வுண்மையின் மேலேயே கட்டப்பட்டது. அதில் நெம்புகோல் ஒன்றை நிலையாகப் பூட்டினால் ஈ-9 அமைப்பு பி-6 ஆக மாறிவிடுகிறது; டி சுரத்திற்கான தந்தி மட்டும் பி-யில் நின்று, தேவைப்படும்போது மற்றொரு நெம்புகோலால் ஏற்றப்படுகிறது. இருவேறு இசையுலகங்களாகக் கற்பிக்கப்படுபவற்றின் எல்லை ஒரு முழங்கால் அசைவே என்றால், அப்பகுப்பு ஒலியியலைவிட வணிக வகைமைகளுக்கே அதிகம் கடன்பட்டது.

எம்மன்ஸ் 1963-இல் மெர்குரி நிறுவனத்திற்காகப் பதிவு செய்த 'ஸ்டீல் கிதார் ஜாஸ்' இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பாபி ஸ்காட்டின் பியானோ, ஆர்ட் டேவிஸின் பேஸ், சார்லி பெர்சிப்பின் டிரம்ஸ், ஜெரோம் ரிச்சர்ட்சனின் சாக்ஸபோன் ஆகியவற்றோடு ஸ்டீல் அதில் இணைகிறது. ஸ்டீலின் ஜாஸ் தகுதிக்கு இதனைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது காட்டும் மற்றொன்று கவனம் பெறுவதில்லை. பேஸும் பியானோவும் உள்ள குழுவில் ஆதார சுரமும் ஐந்தாம் சுரமும் ஏற்கெனவே ஒலிக்கின்றன. அங்கு ஸ்டீலுக்குத் தேவைப்படுபவை மூன்றும் ஏழும் ஒன்பதும் பதின்மூன்றுமே. மூன்று அல்லது நான்கு தந்திகள் போதும்.

சுருதிச் சிக்கல்

ஈ-9 அமைப்பில் விரிகார்டுகள் சில வேளை கசப்பாக ஒலிப்பதற்குத் தந்தி வரிசையைவிடச் சுருதி கூட்டும் முறை பெரிய காரணம். ஸ்டீலில் ஒலி நீண்டு நிற்பதால் சமப்பகுப்புச் சுருதியின் மூன்றாம் சுரம் உறுத்துகிறது. எனவே பலர் ஜி ஷார்ப்பைச் சமப்பகுப்பிலிருந்து ஏறத்தாழ 14 சென்ட் தாழ்த்திக் கூட்டுகின்றனர். முதல் பெடல் தரும் சி ஷார்ப்பும் ஏ-யின் மூன்றாம் சுரமாகக் கருதப்பட்டு அவ்வாறே தாழ்த்தப்படுகிறது. மூன்று சுரக் கார்டுகள் இதனால் தெளிகின்றன.

சிக்கல் எஃப் ஷார்ப்பில் எழுகிறது. பெடலற்ற நிலையில் அது ஈ-யிலிருந்து 9/8 விகிதத்தில், 204 சென்ட் உயரத்தில் நிற்க வேண்டும். இரு பெடல்களும் அழுத்தப்பட்ட நிலையில் ஏ-யோடும் சி ஷார்ப்போடும் இசைய, அது 10/9 விகிதத்தில், 182 சென்ட்டில் இருக்க வேண்டும். இடைவெளி 81/80. இருபத்திரண்டு சுருதிக் கொள்கையில் பிரமாண சுருதி எனப்படுவதும், சதுசுருதி ரிஷபத்தைத் திரிசுருதி ரிஷபத்திலிருந்து பிரிப்பதும் இதே அளவுதான். 1917-இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் ஆபிரகாம் பண்டிதர் இருபத்திரண்டை மறுத்துச் சமப்பகுப்பின் பக்கம் நின்று வாதிட்டது இச்சிற்றளவின் பொருட்டே என்பதைத் தமிழிசை ஆய்வாளர் நினைவுகூரலாம். சமப்பகுப்புக்கும் தூய விகிதத்திற்குமான வழக்கு நாஷ்வில்லிலும் ஓயவில்லை.

9, 6, 5, 1 தந்திகளில் ஈ-13 ஐ மீட்டும்போது இவ்விடைவெளி நேராக வெளிப்படுகிறது. ஜி ஷார்ப்புக்கும் சி ஷார்ப்புக்கும் இடையே தூய நான்காம் இடைவெளி அமைகிறது. சி ஷார்ப்புக்கும் உயர்நிலை எஃப் ஷார்ப்புக்கும் இடையிலானது 22 சென்ட் அகன்று கசக்கிறது. சில கருவிகளில் இதற்கென ஓர் ஈடுசெய் தண்டு பொருத்தப்படுகிறது: முதல் பெடலை அழுத்தும்போது அதுவே எஃப் ஷார்ப்பைச் சிறிது இறக்கிவிடும். மூன்று சுரக் கார்டுகளுக்காகவே இவ்வேற்பாடு என்று பெரும்பாலும் விளக்கப்படுகிறது. ஆனால் முதல் பெடல் அழுந்திய கணத்தில் 5, 10 ஆகிய இரு பி தந்திகளுமே சி ஷார்ப்பாகிவிடுகின்றன. தாழ்ந்த எஃப் ஷார்ப்போடு முரண்படக்கூடிய பி அப்போது கருவியில் எங்கும் இல்லை. பேஸ் வாசிப்பவர் அதனைத் தொடாதவரை, அவ்வீட்டினால் பதின்மூன்றாம் கார்டும் தெளிவடைகிறது.