வீராங்கனை: ஒரு சொல்லின் வழித்தடம்

துணிந்து செயல்படும் ஆணைக் குறிக்கும் சொற்கள் பெண்பால் விகுதி ஏற்றவுடன் பொருள் திரிவது பல மொழிகளுக்கும் பொதுவான இயல்பாகும். ஆங்கிலத்தின் ‘அட்வெஞ்சரஸ்’ என்ற பெண்பாற்சொல், 19-ஆம் நூற்றாண்டில், ஆடவரை மயக்கிச் செல்வமும் தகுதியும் தேடுபவள் என்ற இழிபொருளைப் பெரிதும் சுமந்தது. தமிழிலோ, துணிவையும் பாசாங்கையும் ஒருங்கே குறிக்கும் ‘சாகசம்’ என்ற சொல் பெண்ணைச் சாரும்போது பாசாங்கே மேலோங்க, ‘சாகசக்காரி’ என்பவள் ஆளை மயக்கிக் காரியம் சாதிப்பவளாகிறாள்.

இத்திரிபின் செறிவான வரலாறு வங்காளத்துக்குரியது. வீரம் என்பதோடு, அழகிய அங்கங்களை உடையவள் என்று பொருள்படும் ‘அங்கனை’ சேர்ந்து உருவான வடசொல்லே தமிழில் ‘வீராங்கனை’ என்றும் வங்காளியில் ‘பீராங்கனா’ என்றும் வழங்குகிறது. மைக்கேல் மதுசூதன் தத்தர் 1862-இல் வெளியிட்ட ‘பீராங்கனா காவியம்’, ரோமானியக் கவிஞர் ஓவிட்டைப் பின்பற்றி, சகுந்தலை, தாரை, கைகேயி, சூர்ப்பணகை முதலிய பதினொரு புராணப் பெண்கள் எழுதும் மடல்களாக அமைந்தது. அங்கே வீரம் என்பது வாளேந்துவதன்று, காதலையும் சினத்தையும் தயங்காது உரைப்பதாகும்.

1971-ஆம் ஆண்டுப் போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு வங்கதேச அரசு இச்சொல்லையே சிறப்புப் பெயராகச் சூட்டியது. மதிப்பளிக்க எண்ணிய அப்பெயரே அவர்களை ஊரார் அடையாளங்காண உதவியதுடன், கணிகையைக் குறிக்கும் ‘பாராங்கனா’ என்ற சொல்லோடு ஓர் உயிரொலி மட்டுமே வேறுபட்டதால், ஏளனத்துக்கும் இடமளித்தது. கவிஞர் காஜி நஜ்ருல் இஸ்லாம், 1925-இல் வெளிவந்த ‘சாம்யவாதி’ தொகுப்பில் அந்தப் பாராங்கனாவையே தாயென விளித்துப் பாடியவர். ஆயினும் அக்கவிதையின் பரிவு ஊர்ப்பேச்சை எட்டவில்லை. 2015 முதல் பீராங்கனாக்கள் ‘முக்தி ஜோத்தா’, அதாவது விடுதலைப் போராளிகள் என அரசால் ஏற்கப்பட்டபோது, இருபாலர்க்கும் பொதுவான சொல்லே அவர்களுக்குரிய உரிமையைப் பெற்றுத் தந்தது.

தமிழில் ‘வீராங்கனை’ வேறு வழியில் சென்றது. 1959-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்ணான கொல்கத்தாவின் ஆரத்தி சாஹாவை வங்காளி பாற்பொதுவான ‘சாந்தாரு’ என்ற சொல்லாற் குறிக்க, தமிழ் ‘நீச்சல் வீராங்கனை’ என்கிறது. ‘ஆசிரியர்’, ‘மருத்துவர்’ போல ‘வீரர்’ என்பதும் இருபாலர்க்கும் பொருந்துமெனினும், வழக்கு அதனைப் பெரும்பாலும் ஆடவர்க்கே ஒதுக்கியது. எனினும் டென்னிஸ், சதுரங்கம், விண்வெளி என நாள்தோறும் செய்தித்தாள்களில் புழங்கியதால், ‘பாராங்கனா’வின் தமிழ் வடிவமான ‘வாராங்கனை’யின் நிழலும் அங்கங்களின் வருணனையும் படிப்போர் நினைவிலிருந்து அகன்றுவிட்டன. அரசாணை காக்க இயலாத சொல்லை, விளையாட்டுப் பக்கத்தின் அன்றாட வழக்கு காத்திருக்கிறது.