ஒன்றும் நிகழாத சதுக்கம்

நகரத்தின் நடுவே அமைந்த ஒரு பொதுச் சதுக்கத்தைப் பற்றி எழுதப் புகுவோரின் எழுதுகோல் தானாகவே விழாவைத் தேடிச் செல்லும். ஊர்வலம் வந்த நாள், தலைவர் மறைந்த நாள், மக்கள் கிளர்ந்தெழுந்த நாள் ஆகியவையே ஏட்டில் ஏறும். மற்ற நாள்களில் அங்கே என்ன நிகழ்கிறது என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பதே விடையாக வரும். அந்த "ஒன்றுமில்லை" என்னும் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் துணிந்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் (1936–1982). பாரிஸ் நகரின் ஓரிடத்தை எழுதித் தீர்க்கும் முயற்சி என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய சிறு நூல் 1975இல் இதழொன்றில் வெளிவந்து, 1982இல் தனிநூலாயிற்று. 2010இல் மார்க் லோவந்தால் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய நூல்தான். ஆயினும் சில பக்கங்களிலேயே சலித்து மூடிவைப்பவர் பலர் இருப்பர். அவர்களது சலிப்பு நியாயமானதா என்பதே இங்கு நம் ஆய்வுக்குரியது.

பெரெக் செய்தது இதுதான்: 1974ஆம் ஆண்டு அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை அன்று, சேன் சுல்பிஸ் சதுக்கத்தை நோக்கியிருந்த ஒரு காப்பிக் கடையில் அமர்ந்தார். அன்றும் அடுத்த இரு நாள்களும், கடை மாறியும் சதுக்கத்து இருக்கையில் அமர்ந்தும், கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டே இருந்தார். தொடக்கத்திலேயே அவ்விடத்தின் சிறப்புகளை ஒரு பட்டியலாக அடுக்கிவிடுகிறார்: ஆலயம், அதைக் கட்டிய சிற்பிகள், வட்டார நகர மன்றம், காவல் நிலையம், திரையரங்கு, பக்திப் பொருள் கடை, நீரூற்று. இவையெல்லாம் முன்பே பலரால் விவரிக்கப்பட்டவை. ஆகையால் எஞ்சியதை எழுதுவதே தம் நோக்கம் என்கிறார். காலநிலையும் மக்களும் வண்டிகளும் மேகங்களும் அன்றி வேறெதுவும் நிகழாதபோது நிகழ்வது எதுவோ, அதுவே அவர் பொருள்.

அவர் ஒரு வரியில் ஒதுக்கிவிடும் அச்சிறப்புகள் எளியவை அல்ல. நீரூற்றில் நாற்றிசையும் நோக்கி நான்கு மறையுரையாளர்களின் சிலைகள் உள்ளன: பொசுவே, ஃபெனெலோன், ஃப்ளேஷியே, மசியோன். நால்வரும் ஆயர்கள், எவரும் கர்தினால் ஆகவில்லை. நாற்றிசைகளைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடருக்குக் "கர்தினால் ஆகாதவர்கள்" என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. அந்தச் சிலேடையையே நீரூற்றின் பெயராக்கி நகைத்தனர் பாரிஸ் மக்கள். ஆலயத்தினுள்ளே, யாக்கோபு வானதூதரோடு போராடும் காட்சியைத் தெலாக்ருவா தீட்டிய சுவரோவியம் உள்ளது. சதுக்கத்தைச் சுற்றியிருந்த பக்திப் பொருள் கடைகளோ பிரெஞ்சு மொழிக்கு ஓர் அடைமொழியையே தந்துவிட்டன. அச்சில் வார்த்து, கன்னங்களில் செந்நிறம் பூசி, மொத்தமாக விற்கப்படும் சுரூபங்களின் மிகையினிமையைச் "சேன் சுல்பிஸ் பாணி" என்றே அங்குள்ளோர் குறிப்பிடுவர். இத்தகைய இடத்திலிருந்து சிறிதும் இனிப்பு கலவாத ஒரு நூல் பிறந்தது வியப்புக்குரியது அன்றோ!

நூலுள் நாம் காண்பவை யாவை? 96ஆம் எண் பேருந்து மோன்பர்னாஸ் தொடர்வண்டி நிலையம் நோக்கிச் செல்கிறது. சற்று நேரத்தில் அதுவே மீண்டும் செல்கிறது. புறாக்கள் காரணமேதும் புலப்படாமல் ஒருசேர எழுந்து, சதுக்கத்தைச் சுற்றி வந்து அமர்கின்றன. இளம்பச்சை நிறச் சிற்றுந்து ஒன்று கடக்கிறது. பின்னர் அதே நிறத்தில் இன்னொன்று. சுற்றுலாப் பேருந்துக்குள் ஜப்பானியப் பயணிகள் அமர்ந்திருக்கின்றனர். குடை, பை, நாய், குழந்தை வண்டி என வரிசை நீள்கிறது. வெள்ளியன்று உலர்ந்த குளிர், ஞாயிறன்று மழை. இடையிடையே கண் அயர்ந்துபோவதையும் அவர் மறைக்காமல் குறிக்கிறார். ஞாயிறு பகல் இரண்டு மணியளவில் நூல் நின்றுவிடுகிறது. முடிவுரை எதுவும் இல்லை.

இது இலக்கியமா, போக்குவரத்துக் கணக்கா என்று கேட்பவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் பொறுமையோடு தொடரும் வாசகருக்கு ஒன்று புலனாகும். இரண்டாம் நாள் காலையில் பெரெக் தம்மையே வினவிக்கொள்கிறார்: நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு? அதே பேருந்துகள், அதே புறாக்கள்; எனினும் எதுவும் அதுவே அன்று. மூன்றாம் நாள் திருப்பலி முடிந்து வருவோரின் கைகளில் கேக் பொட்டலங்கள் தென்படுகின்றன. அந்தப் பொட்டலம் ஒன்றே அது ஞாயிறு என்பதை அறிவித்துவிடுகிறது. வெள்ளியையும் சனியையும் வரிவரியாகக் கடந்து வந்தவருக்கே அப்பொட்டலத்தின் பொருள் முழுமையாக விளங்கும். அன்றாடம் தெரியாதவனுக்குத் திருநாள் தெரியாது என்னும் உண்மையை, விளக்கவுரை ஏதுமின்றி, ஓர் இனிப்புப் பொட்டலத்தைக் கொண்டு நிறுவியிருப்பது இந்நூலின் வெற்றி.

இந்தக் கவனம் வெறும் விளையாட்டன்று என்பதை அவர் வாழ்க்கை கூறும். பெரெக்கின் பெற்றோர் போலந்திலிருந்து வந்த யூதர்கள். தந்தை 1940இல் பிரெஞ்சுப் படைவீரராக உயிர்துறந்தார். தாய் 1943இல் அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை. அவருக்குக் கல்லறையும் இல்லை. மலைப்பகுதிக் கத்தோலிக்க விடுதிப் பள்ளி ஒன்றில் அடைக்கலம் பெற்றிருந்த சிறுவனுக்கு அவ்வாண்டு திருமுழுக்கும் அளிக்கப்பட்டது. தாயைப் பற்றி அவருக்கு எஞ்சியவை சில நிழற்படங்களும் மங்கிய நினைவுகளுமே. ஒரு மனிதர் சுவடின்றி மறைந்துபோவது எத்துணை எளிது என்று பிள்ளைப் பருவத்திலேயே அறிந்தவர், தெருவைக் கடக்கும் முகமறியாத பெண்ணொருத்தியின் கைப்பையை எழுதிவைக்கும்போது, அந்த வரியை அற்பமென்று நாம் தள்ளிவிட முடியுமா?

எனினும் நூலின் குறைகளைச் சொல்லாமல் விடுவது திறனாய்வு ஆகாது. கடந்துசெல்வோரில் பெயர் பெறுபவர் எவர்? பெரெக்கின் அறிமுகத்தினர் மட்டுமே. பால் விரிலியோ திரைப்படம் பார்க்கப் போகிறார் என்று பெயர் சுட்டி எழுதுகிறார். மற்றவர் எல்லாரும் தொப்பியாலும் சுமையாலும் நடையாலுமே அறியப்படுகின்றனர். பேருந்துக்கு எண் உண்டு. அதனுள் அமர்ந்திருப்பவருக்குப் பெயர் இல்லை. வழிப்போக்கர் எவரையும் அணுகி அவர் ஒரு சொல் வினவுவதில்லை. கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்த கண்ணுக்கு எட்டாத துயரம் அச்சதுக்கத்தில் அந்த மூன்று நாள்களிலும் நடமாடியிருக்கும். அதைத் தேட நூல் முயலவில்லை. காண்பது அன்பின் தொடக்கம் எனலாம். அன்பு அதனோடு முடிவதில்லை.

மற்றொரு குறை காலத்தைப் பற்றியது. மூன்று நாள்களும் இலையுதிர் காலத்துக்கு உரியவை. கோடையும் பனியும் அங்கே இல்லை. இந்தக் குறையைப் பெரெக் உணர்ந்தே இருந்தார் என்பதற்குச் சான்று, 1969இல் அவர் தொடங்கிய பெருந்திட்டம். பாரிசில் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்து, திங்கள்தோறும் ஓரிடத்தை நேரில் கண்டும் மற்றோரிடத்தை நினைவிலிருந்தும் எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒவ்வோர் இடமும் ஆண்டின் பன்னிரு திங்களிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மொத்தம் 288 குறிப்புகள். அவற்றுள் ஒன்று, அவருடைய தாய் முடிதிருத்தும் கடை நடத்திய வீலேன் தெரு. ஆண்டுக்கு ஆண்டு அங்கே வீடுகள் அடைபடுவதையும் இடிபடுவதையும் அவர் குறித்துவந்தார். 1975இல் திட்டம் கைவிடப்பட்டது. எழுதப்பட்டவை மட்டும் 2022இல் நூலாக வெளிவந்தன. சேன் சுல்பிஸ் அப்பன்னிரண்டில் இல்லை. ஆயினும் இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான், மூன்று நாள் கவனத்தின் செறிவும் பல ஆண்டுக் கவனத்தின் வலியும் ஒருங்கே விளங்கும்.

பெரெக்கின் மறைவுக்குப் பின்னும் சதுக்கத்துக்கு விழாக்கள் வந்தன. 1983 முதல் ஜூன் திங்களில் அங்கே கவிதைச் சந்தை கூடுகிறது. பதிப்பாளர்கள் கடை விரிக்கின்றனர். 2019 மார்ச் 17 அன்று ஆலயத்தில் தீப்பிடித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று, மறைந்த குடியரசுத் தலைவர் ஜாக் சிராக்கின் இறுதி வழிபாட்டுக்கு உலகத் தலைவர்கள் அங்கே திரண்டனர். இந்நாள்களுக்குச் செய்தியாளர்களும் ஒளிப்படக் கருவிகளும் உண்டு. அவற்றுக்கு முந்திய நாளுக்கும் பிந்திய நாளுக்கும் சாட்சி யார்? விபத்து நேர்ந்தாலன்றித் தொடர்வண்டியை நாம் நினைப்பதேயில்லை என்று 1973இல் பெரெக் எழுப்பிய முறையீடு இன்றும் விடை பெறவில்லை.

திருவழிபாட்டு ஆண்டை அறிந்த வாசகருக்கு இச்சிந்தனை புதிதன்று. கிறிஸ்து பிறப்பும் உயிர்ப்பும் ஆண்டின் சிகரங்கள். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி பொதுக்காலமே. பெரெக் பேனாவை மூடிய 1974 அக்டோபர் 20, பொதுக்காலத்தின் 29ஆம் ஞாயிறு. அவர் அதை எண்ணி நாள் குறித்திருக்க மாட்டார். யாருடைய நம்பிக்கையையும் அவர்மீது ஏற்றுவது முறையுமன்று. எனினும் பச்சை நிறத் திருவுடை அணியும் அந்த நீண்ட வாரங்களை "ஒன்றும் நிகழாத காலம்" என்று கருதிக் கடந்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அத்தகைய வாரமொன்றின் மூன்று நாள்களை ஒருவர் சலிப்போடும் களைப்போடும், ஆனால் கண்ணை எடுக்காமலும் பார்த்து எழுதியிருக்கிறார். சலிப்பு இந்நூலின் குறையன்று. அது வாசகர் செலுத்த வேண்டிய விலை. செலுத்தியவருக்குக் கிடைப்பது மழையில் நனைந்த ஒரு சதுக்கமும், அதனைக் கடந்து செல்லும் பெயரறியாத மனிதர்களுமே. அவர்கள் அன்று அங்கே இருந்தார்கள் என்பதற்கு இச்சிறு நூலே சான்று.