விலங்குகளை வகை பிரிக்கக் கற்பித்தல்: இலங்கையிலும் இந்தியாவிலும்

விலங்குகளை வகை பிரிப்பது இலங்கை, இந்தியா இரண்டிலும் தொடக்க வகுப்புகளில் தனிப் பாடமாக இல்லை. சுற்றுப்புறத்தைப் பற்றிய பாடத்தின் ஒரு பகுதியாகவே வருகிறது. இலங்கையில் அந்தப் பாடத்துக்குச் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்று பெயர். 1990களின் இறுதியில் தொடங்கிய கல்விச் சீர்திருத்தம் தரம் 1 முதல் 5 வரை அதை ஒருங்கிணைந்த பாடமாக்கியது. தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தை வகுக்க, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் நூல்கள் இலவசமாகப் பிள்ளைகள் கைக்குப் போகின்றன. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தமிழிலும் மாத்தறைப் பிள்ளை சிங்களத்திலும் படித்தாலும் பாடம் ஒன்றே.

இந்தியாவில் அப்படி ஒரே பாடம் கிடையாது. 1976 முதல் கல்வி, ஒன்றியமும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால், ஒன்றியத்தின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் நூல்கள் ஒருபுறமும் மாநில நூல்கள் மறுபுறமும் நடப்பில் உள்ளன. என்.சி.இ.ஆர்.டி. நூல்களில் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சூழ்நிலையியல் ஒரே பாடம். தமிழ்நாட்டில் முதல் இரு வகுப்புகளுக்கு மட்டுமே சூழ்நிலையியல். மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியலும் சமூக அறிவியலும் பிரிந்துவிடுகின்றன. இந்த வகையில் தில்லியின் நூல் சென்னையின் நூலைவிடக் கொழும்பின் நூலுக்கே நெருக்கம்.

இலங்கையின் ஆரம்பக் கல்வியில் மூன்று கற்றல் முறைகள் உண்டு: வழிகாட்டலுடன் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை. தரம் 1, 2இல் விளையாட்டுக்கே முதலிடம். தரம் 3, 4இல் செயற்பாடு வலுப்பெறுகிறது. தரம் 5இல் மேசைவேலை மேலோங்குகிறது. விலங்குகளைப் பற்றிய கற்பித்தலும் இந்த ஒழுங்கிலேயே நகர்கிறது. சின்னப் பிள்ளை தவளைபோலத் தத்தி, கொக்குபோல ஒற்றைக் காலில் நின்று பார்க்கிறது. அடுத்த கட்டத்தில் பட அட்டைகளைப் பரப்பி, கால்களின் எண்ணிக்கை, உடலின் மேற்பரப்பு, உணவு என்று ஏதாவதொரு அடிப்படையில் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கிறது. பிறகுதான் எழுத்து. வகை என்பது பார்த்தறிந்த வேறுபாட்டிலிருந்து பிறக்க வேண்டும் என்பதால் இந்த வரிசை மிகவும் பொருத்தமானது.

என்.சி.இ.ஆர்.டி. வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தையொட்டி எழுதப்பட்ட சூழ்நிலையியல் பாடத்திட்டம் ஆறு கருப்பொருள்களால் ஆனது. அவற்றுள் ‘விலங்குகள்’ என்பது ‘குடும்பமும் நண்பர்களும்’ என்ற தலைப்புக்குள் வைக்கப்பட்டது. 2007இல் வந்து 2025 வரை வழக்கில் இருந்த நான்காம் வகுப்பு நூலின் காதுகள் பற்றிய பாடம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. விலங்குகளின் காதுகள் மாறிப்போன படங்களைப் பிள்ளை திருத்துகிறது. பிறகு காது வெளியே தெரியும் விலங்குகளையும் தெரியாதவற்றையும் இரு பட்டியல்களாக எழுதுகிறது. அடுத்து உடலில் மயிர் உள்ளவை எவை என்று பார்க்கிறது. காது வெளியே தெரிந்து, மயிரும் உள்ளவை குட்டி போடுகின்றன. மற்றவை முட்டையிடுகின்றன என்ற முடிவுக்கு அதுவே வந்து சேர்கிறது. பாலூட்டி என்ற பெயரைப் படித்து ஒப்பிக்காமலே பாலூட்டிகளின் அடையாளங்கள் பிடிபட்டுவிடுகின்றன. தொடக்க வகுப்புக்கு இதைவிட நேர்த்தியான வகைப்பாட்டுப் பாடத்தைக் காண்பது அரிது.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் கற்றல் ஏணிப்படிகளையும் கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் அதன் வேகத்தில் நகரவிட்டது. அட்டைகளைக் கையாண்டு பழகிய பிள்ளைக்குப் பிரிப்பதும் சேர்ப்பதும் இயல்பாக வரும்.

இரு நாடுகளிலும் பரவலாக உள்ள பழக்கம், வீட்டு விலங்கு – காட்டு விலங்கு, நீரில் வாழ்வன – நிலத்தில் வாழ்வன என்று பிரிப்பதோடு நின்றுவிடுவது. கடைகளில் விற்கும் வண்ணப்பட சார்ட்டுகளும் இப்படித்தான் பிரிக்கின்றன. யானை வந்ததும் முதல் பிரிவு தடுமாறும். மதுரைக் கோயிலிலும் கண்டிப் பெரஹராவிலும் மனிதரோடு நடப்பதும் யானை. முதுமலையிலும் மின்னேரியாவிலும் கூட்டமாகத் திரிவதும் யானை. கடற்பசு இரண்டாவது பிரிவைச் சோதிக்கிறது. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் அது இரு கரைக்கும் பொதுவானது. 2022இல் தமிழ்நாடு அதற்கென்றே பாக்கு விரிகுடாவில் ஒரு காப்பகத்தை அறிவித்தது. வாழிடத்தை வைத்துப் பிரித்தால் அது மீனோடு போய்ச் சேரும். வெளிக்காது இல்லாததால் நான்காம் வகுப்பின் காது விதிக்கும் அகப்படாது. ஆனால் அது நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி ஈன்று பால் கொடுக்கிறது. பெரும்பாலான விலங்குகளுக்குப் பொருந்தும் விதியை முதலில் கண்டுபிடிக்கச் செய்து, பிறகு இதுபோன்ற ஒன்றை முன்னால் வைப்பது ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. கரையோரப் பள்ளிகளில் கடற்பசுவைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

விளையாட்டில் தொடங்கும் இலங்கையின் நல்ல ஒழுங்கைத் தரம் 5இல் நாடளாவிய போட்டித் தேர்வான புலமைப்பரிசில் பரீட்சை இறுக்கிவிடுகிறது. பரீட்சைக்கான பயிற்சித்தாள்களில் பொருந்தாததைத் தெரிவுசெய்யும் வினாக்கள் நிறைய. பல்லி, தவளை, ஆமை, பாம்பு என்று நான்கைக் கொடுத்தால் எதிர்பார்க்கும் விடை தவளை, செதிலற்ற ஈரத்தோல் அதற்கு. ஆனால் காலில்லாதது பாம்பு மட்டுமே, ஓடுள்ளது ஆமை மட்டுமே, சுவரில் ஏறுவது பல்லி மட்டுமே. காரணத்தோடு சொல்லும் பிள்ளைக்கு நான்கும் நியாயமான விடைகள். விடைத்தாளில் ஒன்றுக்கே புள்ளி. தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பில் இத்தகைய போட்டித் தேர்வு இல்லை. அந்தச் சுதந்திரத்தை வகுப்பறை எவ்வளவு பயன்படுத்துகிறது என்பது ஆசிரியரைப் பொறுத்தது.

முறையான பெயர்கள் பிறகே வருகின்றன. தமிழ்நாட்டின் ஆறாம் வகுப்பில் ‘விலங்குகள் வாழும் உலகம்’ என்ற பாடம் முதுகெலும்புள்ளவை, அற்றவை என்ற பிரிவைத் தருகிறது. ஏழாம் வகுப்பு ஐந்துலக வகைப்பாடு வரை போகிறது. இலங்கை விஞ்ஞானப் பாடத்தில் முள்ளந்தண்டுளிகள், முள்ளந்தண்டிலிகள் என்ற விரிவான பாகுபாடு தரம் 8இல் வருகிறது. அதற்கு முன்பே இணைக்கவர்ச்சுட்டி அறிமுகமாகிறது. சிறகு உண்டா இல்லையா, கால் நான்கா ஆறா என்று ஒவ்வொரு படியிலும் இரண்டாகக் கிளை பிரியும் வினாக்களை மாணவரே அமைக்கிறார். ஒரே ஐந்து விலங்குகளுக்கு இருவர் இருவேறு சுட்டிகள் எழுதலாம்; ஒவ்வொரு கிளையின் முடிவிலும் ஒரே விலங்கு எஞ்சினால் இரண்டும் சரியே.