கட்டளை வேறு, அழுத்தம் வேறு

ஆட்டோமேட்டிக் கார் மக்கர் பண்ணினால் மதுரையில் இப்போது முதலில் கைக்கு வருவது ஸ்கேன் ரிப்போர்ட். கப்பலூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நண்பர் அதற்காக என்னிடம் வெகுநேரம் வாதாடினார். "மெஷின் சொல்றதுக்கு மேல நாம என்ன சார் பாக்கப் போறோம்?"

ஒயர் அறுந்ததை, சோலனாய்டு காயில் செத்ததை ஸ்கேனர் நொடியில் காட்டிவிடும். காதால் கேட்டே கியர் பாக்ஸை இறக்கிய காலத்துக்கு இது எவ்வளவோ மேல். (ஏஎம்டி வண்டிகளை இங்கே சேர்க்கவில்லை, அவற்றில் இருப்பது மேனுவல் பாக்ஸ்தான்.)

ஆனால் என் பழைய மனக்குறை ஒன்று உண்டு. திரையில் 'லைன் பிரஷர்' (பாக்ஸுக்குள் ஆயிலின் அழுத்தம்) என்று ஓடும் எண் பல வண்டிகளில் அளந்த எண்ணே அல்ல. சோலனாய்டுக்குக் கம்ப்யூட்டர் இட்ட கட்டளை. வைகை அணையில் இத்தனை கனஅடி திறந்தாயிற்று என்ற அறிவிப்பை நம்பி மேலூர்க் கடைமடை விவசாயி நாற்றுப் பாவுவதில்லை, வாய்க்காலைப் போய்ப் பார்க்கிறார். பம்ப் தேய்ந்து, சீல் கசிந்து, ஃபில்டர் அடைத்திருந்தாலும் கட்டளை எண் அழகாகவே இருக்கும்.

பி 0730 என்ற பழுதுக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்ஸுக்குள் போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் கியர் விகிதத்துக்கு ஒத்துவரவில்லை என்பதே அதன் பொருள். ஆயில் குறைந்ததா, கிளட்ச் பிளேட் கருகியதா, வால்வு ஒட்டிக்கொண்டதா என்று அது சொல்வதில்லை. மெக்கானிக்குகளோ உடனே வால்வு பாடிக்கு விலை சொல்கிறார்கள். சீட்டெடுக்கும் கிளியும் எதையும் அளப்பதில்லை.

பல மாடல்களில் பாக்ஸிலேயே அழுத்தம் அளக்கவென்று ஒரு பிளக் இருக்கிறது. ஆயில் சூடானபின் அதில் கேஜை மாட்டி, ஐட்லிங்கிலும், பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி 5 விநாடிக்கு மிகாமல் ஸ்டாலிலும் பார்க்க வேண்டும். எல்லா நிலையிலும் அழுத்தம் குறைந்தால் பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர் வால்வு மேல் சந்தேகம். டி-யில் மட்டும் குறைந்தால் அந்த வழியில் கசிவு.

ஆயில் மட்டத்திலும் இதே அலட்சியம். டிப்ஸ்டிக் இல்லாத பல வண்டிகளில் ஆயில் சுமார் 40 டிகிரியில் இருக்கும்போது பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் செய்யும் முன்பே அந்தச் சூட்டை நெருங்கியிருக்கும். ஓடவிட்டுத் திறந்தால் விரிந்த ஆயில் வழியும், 'ஃபுல்' என்று மூடுவார்கள், ஆறியதும் குறைவு. வத்தலக்குண்டு தாண்டி மலையேற்றத்தில் வழுக்கிய வண்டியை ரிங் ரோட்டில் சமதளத்தில் ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்பதும் இவர்கள்தான்.

உங்களிடம் கேஜ் இருக்கிறதா என்று நண்பரைக் கேட்டேன். "இருந்துச்சு சார், யாரோ இரவல் வாங்கிட்டுப் போனாங்க." எப்போது என்றேன். யோசித்துக்கொண்டே இருந்தார்.