செத்த இணைப்புக்கு இரண்டு மணி நேரக் காவல்

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி மாதிரியான கட்டற்ற இயங்குதளங்களின் நெட்வொர்க் பகுதியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் வேகத்தைப் பாராட்டுவார்கள். நியாயம்தான். ஆனா நம்பகத்தன்மையில ஒரு பழைய குறை அப்படியே கிடக்கிறது: எதிர்முனை போய்விட்டது என்பதை இவை ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கின்றன.

டிசிபி இணைப்பு என்பது இழுத்துக் கட்டிய கம்பி இல்லை. இரண்டு கணினிகளும் தத்தம் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். இரு பக்கமும் சும்மா இருந்தால் ஒரு பாக்கெட்கூட ஓடாது. அந்தப் பக்கம் கரண்ட் போனாலும் இந்தப் பக்கம் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே காட்டும்.

இதற்கான மருந்து கீப்அலைவ். லினக்ஸில் அந்தந்த நிரல் கேட்டால்தான் இது இயங்கும். கேட்டாலும், இணைப்பு 7200 விநாடி சும்மா கிடந்த பிறகே முதல் சோதனை பாக்கெட் போகும். பதில் இல்லையென்றால் 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை. கூட்டிப் பாருங்க, 2 மணி 11 நிமிடம். ஃப்ரீபிஎஸ்டி யாரும் கேட்காமலே கீப்அலைவைப் போட்டுவிடுகிறது. ஆனா அங்கேயும் அதே இரண்டு மணி நேரம்தான்.

இந்தக் கணக்கு 1989-ல் வந்த ஆர்எஃப்சி 1122-இல் இருக்கிறது. அது சொல்லும் காரணங்கள் மூன்று: தற்காலிகத் தடங்கலில் நல்ல இணைப்பும் அறுந்துபோகலாம், அலைவரிசை வீணாகும், பாக்கெட்டுக்குக் காசு வாங்கும் பாதையில் செலவாகும். முதல் காரணம் இன்றைக்கும் செல்லும். மற்ற இரண்டும் பெரும்பாலான இடங்களில் காலாவதி.

அதற்குப் பிறகு நடுவில் நாட் ரவுட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. சும்மா கிடக்கும் இணைப்பை அது தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். 2 மணி 4 நிமிடத்துக்கு முன் நீக்கக் கூடாது என்று 2008-ல் ஆர்எஃப்சி 5382 சொன்னது. லினக்ஸே ரவுட்டராக இருந்தால் இயல்பாக 5 நாள் வைத்திருக்கும். ஆனா சில நிமிடத்திலேயே தூக்கிவிடும் கருவிகளும் உண்டு. அங்கே கீப்அலைவ் கண் விழிக்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

"அது நிரலின் பொறுப்பு" என்பது கெர்னல் தரப்பு வாதம். சரி, நிரல் என்ன செய்கிறது? ஓப்பன்எஸ்எஸ்எச்-இல் சர்வர்அலைவ்இன்டர்வெல்லின் இயல்பு மதிப்பு 0, அதாவது சோதனையே இல்லை. கெர்னல் நிரலைக் காட்டுகிறது, நிரல் பயனரைக் காட்டுகிறது. பயனருக்கோ இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ராத்திரி தொடங்கிய பேக்கப் பாதியில் செத்தும், காலையில் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றே திரை சொல்லும்.

கெர்னலின் எண்ணை மாற்றச் சொல்லவில்லை. முதல் காரணத்துக்காகவே அது இருக்கட்டும். மாற வேண்டியது வினியோகங்கள் தரும் அமைப்புக் கோப்பு. மனிதர் பக்கத்தில் இல்லாமல் ஓடும் பேட்ச்மோடுக்கு மட்டும் டெபியன் 300 விநாடி வைத்திருக்கிறது. மற்றவர்களும் செய்யலாம்தானே? அதுவரைக்கும் நீங்களே 60 என்று போட்டுக்கொள்ளுங்கள். மூன்று முறை பதில் வராவிட்டால் துண்டித்துவிடும். பொய்யாக உயிரோடு இருப்பதைவிட, செத்ததைச் சட்டென்று சொல்லிவிடும் இணைப்புதான் நம்பகமானது.