ஒருநாள் சைக்கிள் பந்தயங்களின் சம்பிரதாயம்

மூன்று வார காலம் நடைபெறும் டூர் தெ பிரான்ஸின் கீர்த்தியே நம்மவர் செவிக்கு அதிகமாக எட்டியிருக்கிறதாயினும், சைக்கிளோட்டத்தில் ருசி கண்ட ஐரோப்பிய ரசிகர்கள், காலையில் புறப்பட்டு மாலைக்குள் முடிந்துவிடும் பழைய ஒருநாள் பந்தயங்களுக்கே மனத்தில் தனி ஸ்தானம் கொடுத்திருக்கிறார்கள். இன்று கோட்டைவிட்டதை நாளை பிடித்துக்கொள்ளலாம் என்ற சௌகரியம் இவற்றில் இல்லை.

இவற்றுள் தலையாய ஐந்தும் மூன்று மரபுகளைச் சேர்ந்தவை என்பது என் அபிப்பிராயம். இத்தாலிய மரபு பொறுமையைச் சோதிப்பது. 1907-ல் தோன்றிய மிலான்–சான்ரெமோவில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு, போஜ்ஜோ என்னும் சிறு குன்றின் ஏற்ற இறக்கத்தில் சில நிமிஷங்களுக்குள் தீர்ப்பாகிவிடும். லோம்பார்டிப் பந்தயமும் அந்நாட்டதே. இரண்டாவது மலை மரபு; 1892-ல் பிறந்த லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் அர்தென் மலைச்சரிவுகளில் மூச்சைப் பரீட்சிப்பது. கல் பாவிய பாதைகளில் ஓடுவதான மூன்றாவது, கல் மரபில் பிளாண்டர்ஸும் பாரிஸ்–ரூபேயும் அடங்கும். பின்னதே எல்லாவற்றிலும் கடுமையானது.

ரூபே நகரத்து நூற்பாலை முதலாளிகளான தெயோதோர் வியென், மோரிஸ் பெரெஸ் இருவரும், தாங்கள் கட்டிய சைக்கிள் அரங்கத்துக்குப் பிரசித்தி தேடிக்கொள்ளும் வியாபார யோசனையோடு 1896-ல் தொடங்கியதுதான் இது. முதுகு உருண்டும் இடையில் சந்து விட்டும் கிடக்கிற கற்களின்மேல் மெதுவாகப் போகிறவன் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறித் தவிக்க, வேகமாகப் போகிறவனோ மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு கடந்துவிடுகிறான்; ஆகவே இங்கே வேகமே பத்திரம். ஹாண்டில்பாரை இறுகப் பிடித்தால் உள்ளங்கை கொப்பளித்துப்போகும். வண்டியை அதன் போக்கில் ஆடவிட்டு, பெடலை மட்டும் விடாமல் மிதிப்பவனே தேர்ந்தவன். பெல்ஜியத்து ரோஜர் தெ விளாமிங்க் நான்கு முறை வென்றது இந்த லாகவத்தால்தான்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு ஊருக்கு ஊர் தார் போட்டுக் கல் பாதைகளை மூடிக்கொண்டே வந்ததில், பந்தயத்தின் லட்சணமே கெட்டுவிடுமோ என்று நிர்வாகிகள் அஞ்சியபோது, முன்னாள் உலகச் சாம்பியனான ழான் ஸ்தாப்ளின்ஸ்கி, தாம் இளமையில் சுரங்கக் கூலியாக உழைத்த இடத்துக்கு நேர் மேலே காட்டை ஊடுருவிச் செல்லும் அராம்பர்க் பாதையைக் காட்டிக்கொடுத்தார். 1968-ல் அது சேர்ந்தது. பெயர்ந்த கற்களைத் திரும்பப் பாவிச் செப்பனிட இன்று ஒரு தொண்டர் சங்கமே இருக்கிறது.

விதிகளைக் காப்பதில் மட்டும் இத்தனை வைராக்கியம் எப்போதும் இருந்ததில்லை. 1949-ல் முன்னணியில் வந்த ஆந்த்ரே மாஹே, அரங்க வாசலில் தவறான பக்கம் திருப்பிவிடப்பட்டு வேறு வழியாக உள்ளே நுழைந்து முதலில் முடித்தார். பின்னால் வந்த கூட்டத்தில் முந்திய செர்சே கோப்பியின் தரப்பு ஆட்சேபிக்க, பல மாதம் இழுபறிக்குப் பின் பட்டத்தை இருவருக்கும் பங்கிட்டார்கள். இது சமாதானமே தவிர நியாயமல்ல. வழிகாட்டியவர்களின் பிழைக்கு ஓடியவர் ஏன் பாதி இழக்க வேண்டும்?

இந்தப் பந்தயத்தின்மேல் தமக்கிருந்த வெறுப்பை ஒளிக்காத வீரர் பெர்னார் இனோ. அவரே 1981-ல், வழியில் பலமுறை விழுந்தெழுந்தும், ரூபே அரங்கத்தில் தெ விளாமிங்கைப் பின்னுக்குத் தள்ளி வென்றார். மறு வருஷம் நடப்புச் சாம்பியன் என்ற கடமைக்காக வந்து ஓடிவிட்டு, அதன் பிறகு அந்தப் பக்கம் பந்தயத்துக்கு வரவேயில்லை.