வாலின் வீச்சும் மீனின் குணமும்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ‘ஃபைட்டர்’ என்று கேட்டால், தனிக் குப்பியில் கிடக்கும் ஒரு மீனை எடுத்துக் காட்டுவார்கள். அதன் தாய்வீடு தாய்லாந்து. அங்கே ‘பிளா கட்’ என்பார்கள். கடிக்கும் மீன் என்று பொருள். 2019இல் அந்நாட்டு அரசு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக ஏற்றது. மனிதர் கையில் அது வளரத் தொடங்கி ஆயிரம் ஆண்டாவது இருக்கும் என்கிறது 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வு.

அத்தனை காலத்திலும் பெரும்பாலும் வீரத்துக்காகவே அதை வளர்த்தார்கள். வென்ற ஆணின் வம்சத்தைப் பெருக்கினார்கள். காட்டு மீன்களின் சண்டை சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். இந்த வம்சத்து மீன்கள் மணிக்கணக்கில் பொருதும். குட்டையான துடுப்பு, திரண்ட உடல், சளைக்காத நீச்சல்: இதுதான் பிளாகட் மரபு.

நீளத் துடுப்பு அழகுக்காக வந்த கிளை. முதலில் பரவியது, தழைந்து தொங்கும் வெய்ல்டெயில். அதன் வாலைத் தாங்கும் கதிர் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். 1966இல் தொடங்கிய சர்வதேச பெட்டா (ஃபைட்டர் மீன்) காங்கிரஸ் என்ற அமைப்பு, அழகுப் போட்டிகளுக்கு அளவுகோல் வகுத்தது. பிறகு அமெரிக்க, பிரெஞ்சு வளர்ப்பாளர்கள் பல தலைமுறை கலந்து ஹாஃப்மூனைக் கொண்டுவந்தார்கள். அதில் கதிர்கள் நான்காக, எட்டாகப் பிரிகின்றன. வால் 180 பாகை விரிய வேண்டும், ஓரக் கதிர்கள் நேர்கோடாக நிற்க வேண்டும். ஒரு பாகை குறைந்தாலும் அது ஹாஃப்மூன் ஆகாது. இந்தோனேசியர் தந்த கிரவுன்டெயிலின் இலக்கணம் வேறு: கதிர்களுக்கு இடையே சவ்வு பின்வாங்கி, வால் கிரீடம்போல் நிற்கும்.

நீளத் துடுப்பு மீன் சாது என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படிப் பார்த்ததில்லை. கண்ணாடியை எதிரே வைத்தால் ஹாஃப்மூனும் செவுள் மூடியை விரித்துச் சீறும். வாலின் பாரத்தால் சீக்கிரம் களைத்துப் போகும், அவ்வளவே. அந்தக் களைப்பைப் பொறுமை என்று எண்ணி இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டவர்கள் மறுநாள் கிழிந்த துடுப்புகளைத்தான் பார்ப்பார்கள்.

கதிர்ப் பிரிவை மேலும் மேலும் கூட்டியதன் விளைவு ரோஸ்டெயில். பூவிதழ்போல் மடிந்த அந்த வாலை இழுத்துக்கொண்டு மேலே வந்து மூச்செடுப்பதே அதற்குப் பெரும்பாடு. லேபிரிந்த் உறுப்பால் காற்றைச் சுவாசிக்கும் மீனுக்கு இது சிறிய குறையல்ல. சில ஆண்கள் தம் வாலையே கடித்துத் துண்டிக்கின்றன. இதை அழகு என்று ஒப்ப என்னால் முடியவில்லை.

போட்டி நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாகையை அளந்த பின், மீனை அகலமான தொட்டியில் விட்டு நீந்தச் செய்து பாருங்கள். தடுமாறும் மீனுக்கு, வால் எத்தனை பாகை விரிந்தாலும், முதலிடம் தராதீர்கள்.